ஏற்காட்டுப் பாதையில் பாசிப்பை கட்டினோம்: காற்றில் வரும் உலோகமும் காலடி மண்ணும்

பாசிப்பை எளிய பொருள். உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு வலைப்பை, அதற்குள் இரண்டு கிராம் அளவுக்குக் காய்ந்த பாசி. அதைச் சில வாரங்கள் வெளியே தொங்கவிட்டு, எடுத்து வந்து, அமிலத்தில் கரைத்து, எந்த உலோகம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்த இடத்துக் காற்று எதைச் சுமந்து வந்தது என்று தெரிந்துவிடும். மின்சாரம் தேவையில்லை, பம்பு தேவையில்லை. மலைப்பாதையில் கருவி வைத்துக் காவலுக்கு ஆள் போட முடியாதவர்களுக்கு இதைவிடத் தோதான வழி எனக்குத் தெரியாது.

நான் சேலத்தில் பள்ளியொன்றில் தாவரவியல் கற்பிக்கிறேன். கல்லூரி ஒன்றில் வேதியியல் துறையில் இருக்கும் தோழியும் நானும், எங்கள் மாணவர்கள் சிலரும் சேர்ந்து அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை இந்தப் பைகளைத் தொங்கவிட்டு அளந்தோம். பை தைப்பதும் கட்டுவதும் யாராலும் முடியும். கிடைத்த எண்களை வாசிப்பதுதான் கடினம். அதிலும் சேலத்தில் கூடுதல் கடினம். காரணம், நாம் நிற்கும் மண்.

முதலில், ஏன் பாசி. மரப்பட்டையிலும் பாறையிலும் பச்சைக் கம்பளமாகப் படரும் செடியைச் சொல்கிறேன். பாடநூலில் மாஸ் என்று வருவது. இதற்கு உண்மையான வேர் கிடையாது. பற்றிக்கொள்வதற்கு மட்டும் நூல்போன்ற வேரிகள் உண்டு. உணவையும் நீரையும் பெரும்பாலும் மழையிலிருந்தும் பனியிலிருந்தும் மேலே விழும் தூசியிலிருந்தும்தான் எடுத்துக்கொள்கிறது. இலை பெரும்பாலும் ஒரே ஒரு செல் தடிமன்தான். மாவிலை, பலா இலை மேல் இருக்கும் மெழுகுப் படலம் இதில் பெயரளவுக்குத்தான். செல்சுவரில் உள்ள அமிலத் தொகுதிகள் நேர்மின்னேற்றம் கொண்ட உலோக அயனிகளைப் பிடித்துக்கொண்டு, பதிலுக்கு வேறு அயனிகளை விட்டுவிடுகின்றன. கரையாத துகள்கள் இலை இடுக்குகளில் சிக்கிக்கொள்கின்றன. இப்படி இரண்டு வழியிலும் சேர்கிறது. உள்ளே போனதைக் கழித்து வெளியேற்றும் ஏற்பாடு பாசியிடம் இல்லை.

இந்தக் குணத்தை அளவைக்குப் பயன்படுத்தலாம் என்று 1960களின் இறுதியில் காட்டியவர்கள் சுவீடனைச் சேர்ந்த ஒகே ரூலிங், கெர்முண்ட் டைலர் இருவரும். 1990 முதல் ஐரோப்பிய நாடுகள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை காட்டுப்பாசியைச் சேகரித்துக் கண்டம் முழுமைக்கும் உலோக வரைபடம் போடுகின்றன. பாசியைப் பையில் கட்டித் தொங்கவிடும் முறையை 1971இல் குட்மேன், ராபர்ட்ஸ் இருவரும் தெற்கு வேல்ஸில், உலோக உருக்காலைகள் நிறைந்திருந்த ஸ்வான்சீ வட்டாரத்தில் பயன்படுத்தினார்கள். நம் நாட்டில் குமாவோன் மலைகளில் இதே வேலை நடந்திருக்கிறது. தமிழ்நாட்டிலேயே கொடைக்கானலில், வெப்பமானி ஆலை ஒன்றிலிருந்து பரவிய பாதரசத்தை ஐதராபாத் விஞ்ஞானிகள் மரத்து லைக்கனிலும் பாசியிலும் அளந்து 2003இல் வெளியிட்டார்கள். கொடைக்கானல் ஏரியை ஒட்டிய மரங்களில் இருந்த பாதரசம், விலகியிருக்கும் பேரிஜம் ஏரிப் பக்கத்து மரங்களில் இருந்ததைவிடப் பன்மடங்கு.

மலை உயரத்தில் காற்று சுத்தம் என்று நாம் எல்லோரும் நம்புகிறோம். ஆஸ்திரிய ஆல்ப்ஸில் பாசியை வைத்துச் செய்த ஆய்வுகள் வேறு கதை சொல்கின்றன. சில உலோகங்கள் உயரம் கூடக்கூட அதிகமாகப் படிகின்றன. மேகம் மலையில் மோதி மழையும் மூடுபனியும் கூடுதலாக இறங்கும்போது, தொலைவிலிருந்து வந்த நுண்துகளையும் சேர்த்தே இறக்கிவிடுகின்றன. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். கீழே சேலம், மலைகள் சூழ்ந்த கிண்ணம்போன்ற நகரம்; குளிர்காலக் காலையில் அதன் புகை மேலே ஏறாமல் தேங்கி நிற்பதை லேடிஸ் சீட்டில் நின்றால் பார்க்கலாம். அந்தப் புகை வெயில் ஏறியதும் எங்கே போகிறது என்ற கேள்வியில்தான் எங்கள் வேலை ஆரம்பித்தது.

எந்தப் பாசி

ஐரோப்பியக் கணக்கெடுப்பில் வரும் பாசி இனங்கள் நம் மலையில் இல்லை. அவற்றில் ஒன்று ஆண்டுக்கு ஒரு படி வளர்வதால், கடைசி இரண்டு மூன்று ஆண்டு வளர்ச்சியை மட்டும் கத்தரித்து எடுத்து, இது இன்ன காலத்துப் படிவு என்று சொல்லிவிடுகிறார்கள். நம் மரப்பாசியில் அப்படி ஆண்டுக் கணக்குத் தெரியும் வளர்ச்சி இல்லை. ஒரு கைப்பிடிப் பாசியில் இருக்கும் உலோகம் போன வருடத்தது என்றும் சொல்ல முடியாது, பத்து வருடத்தது என்றும் சொல்ல முடியாது. ஆகவே பைதான் நமக்குப் பொருத்தம். தொங்கவிட்ட நாளும் எடுத்த நாளும் கையில் இருக்கும்.

பைக்குள் வைக்க ஸ்பேக்னம் பாசியைத் தேர்ந்தெடுத்தோம். ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் தொட்டியில் இடும் அதே காய்ந்த பாசி, நர்சரிகளில் கிடைக்கிறது. அதன் இலையில் உயிருள்ள பச்சை செல்களுக்கு நடுவே பெரிய வெற்றுச் செல்கள், துளைகளோடு, நீரைப் பிடித்துவைக்கவே அமைந்திருக்கின்றன. தன் உலர் எடையைப்போலப் பதினைந்து இருபது மடங்கு நீரைத் தாங்கும். அயனியைப் பிடிப்பதிலும் கெட்டி. வாங்கும்போது உரம் கலக்காத பாக்கெட்டாகப் பார்த்து, முழு வேலைக்கும் தேவையானதை ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். பாக்கெட்டுக்குப் பாக்கெட் உலோக அளவு மாறும். நடுவில் மாற்றினால் ஒப்பீடு கெட்டுவிடும்.

இன்னொரு காரணமும் எனக்கு முக்கியம். ஏற்காட்டு மரங்களில் இருக்கும் பாசியை மூட்டையாக உரிப்பதற்கு எனக்கு மனம் வராது. அது விதைக்கும் பூச்சிக்கும் ஆர்க்கிட் வேருக்கும் இடம் கொடுக்கிறது. உரித்த இடத்தில் திரும்ப வருவதற்குப் பல வருடம் ஆகும். ஒப்பீட்டுக்காக மட்டும், உரிமையாளர் அனுமதியோடு ஒரு காபித் தோட்டத்து நிழல் மரங்களிலிருந்து கைப்பிடி அளவு எடுத்தோம். காய்ந்தால் இலைகள் தண்டோடு ஒட்டிக்கொண்டு வழுவழுப்பான கயிறுபோல் ஆகும் இனம், எரித்ரோடோண்டியம் ஜூலேசியம். தென்னிந்திய மலைகளில் மரப்பட்டை மேல் சாதாரணமாகக் கிடைப்பது. காப்புக்காட்டில் இலையைக் கிள்ளக்கூட வனத்துறை அனுமதி வேண்டும் என்பதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

பையைத் தயாரித்த விதம்

பழுப்பேறிய துண்டு, குச்சி, விதை எல்லாவற்றையும் பொறுக்கிவிட்டு, பாசியைக் காய்ச்சி வடித்த நீரில் மாற்றி மாற்றி அலசினோம். பேட்டரிக் கடையில் விற்கும் தண்ணீர் இதற்கு உதவாது. காரீயமும் அமிலமும் புழங்கும் இடத்திலிருந்து வருகிறது. கல்லூரி ஆய்வகத்து நீரையே பயன்படுத்தினோம். பிறகு ஆய்வக அடுப்பில் படிப்படியாகச் சூட்டை ஏற்றி 100 டிகிரிக்குச் சற்று மேல் வரை காய வைத்தோம். கொன்றுவிட்ட பாசி தொங்கும் இடத்தில் வளராது, ஒன்று செழித்து ஒன்று வாடிப்போகாது, எல்லாப் பையும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும். உயிரோடு இருப்பதால் உலோகத்தைப் பிடிப்பதில் பெரிய லாபம் இல்லை. வேலை பெரும்பாலும் செல்சுவரில்தான் நடக்கிறது.

வலைக்கு வெள்ளை நைலான் கொசுவலை, பூச்சிமருந்து ஏற்றாதது. சாயம் போட்ட வலை கூடாது, சாயத்தில் உலோகம் இருக்கலாம். நைலான் நூலால் தைத்து, பாசியை அடைக்காமல் தளர்வாக இட்டு உருண்டையாக்கினோம். தட்டையான பை காற்று வரும் திசைக்கு ஏற்ப ஒரு பக்கம் அதிகம் வாங்கும். உருண்டைக்கு எல்லாத் திசையும் ஒன்று. இறுக்கி அடைத்தால் நடுவில் இருக்கும் பாசிக்குக் காற்றே போகாது. வெளித்தோலை மட்டும் அளந்ததாகிவிடும். ஒவ்வொரு இடத்துக்கும் மூன்று பை. தொங்கவிடாமல் மூடிய டப்பாவில் வைத்த பைகள் தனி. அவற்றில் உள்ளதைக் கழித்தால்தான் காற்று தந்தது எவ்வளவு என்று தெரியும். கையுறை பவுடர் இல்லாதது. மோதிரம், வளையல் கழற்றி வைத்தாயிற்று. உலோகக் கத்தரியைத் தவிர்த்து, பீங்கான் கத்தி. பெயர்ச்சீட்டில் பென்சில் எழுத்து, அதுவும் பையிலிருந்து ஒரு சாண் தள்ளி.

தொங்கவிடும் இடத்தில்தான் யோசனை அதிகம் தேவைப்பட்டது. துத்தநாகம் பூசிய கம்பியில் கட்டினால் துத்தநாகத்தை நாமே ஊட்டியதாகிவிடும். பி.வி.சி. குழாயைக் கம்பமாக வைக்கலாம் என்று ஒருவர் சொன்னார். அந்தப் பிளாஸ்டிக்கைப் பதப்படுத்தக் காரீயச் சேர்மங்கள் சேர்த்துவந்த வழக்கம் உண்டு, ஆகவே வேண்டாம் என்றோம். வளைவுகளில் இருக்கும் இரும்புத் தடுப்புகளும் துத்தநாகம் பூசியவை, அவற்றிலிருந்து தள்ளி நிற்க வேண்டும். கடைசியில் மூங்கில் கழியை மரத்தில் கயிற்றால் கட்டி, அதன் முனையிலிருந்து தூண்டில் நரம்பில் பையை இறக்கினோம். ஆணி எங்கும் அடிக்கவில்லை. தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரம், மரக்கிளையின் சொட்டு நேராக விழாத இடம்.

குரங்குகள் இல்லாமல் ஏற்காட்டுப் பாதை இல்லை. சுற்றுலா வருபவர்கள் தின்பண்டம் நீட்டிப் பழக்கிவிட்டதால், தொங்கும் பை எதுவானாலும் அவற்றுக்குத் தீனிப்பைதான். மெல்லிய நரம்பில் கழி முனையிலிருந்து தள்ளித் தொங்கியவை பெரும்பாலும் பிழைத்தன. மற்றவை போயின. மூன்று மூன்றாக வைத்ததன் பயன் அப்போது தெரிந்தது. பாதையோரம் டீக்கடை வைத்திருக்கும் அக்கா ஒருவர், "டீச்சர், காலையில் கடை திறக்கும்போது ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் நிம்மதியாகப் போங்கள்" என்று சொன்னார். அவர் கடைக்கு எதிரே இருந்த பைகள் ஒன்றுகூடப் போகவில்லை.

வளைவும் நேர்பாதையும்

சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை இருக்கிறது, இடம் குறிக்க வசதி. எங்கள் திட்டம் இதுதான்: வளைவுக்கு ஒரு தொகுதிப் பை, அதற்கு அடுத்த நேர்பாதையில் இன்னொரு தொகுதி. இரண்டையும் கடந்துபோகும் வண்டிகள் ஒன்றே. எஞ்சின் புகையும் ஒன்றே, மண்ணும் ஒன்றே. வேறுபாடு பிரேக் மட்டும். வளைவில் கூடுதலாகத் தெரியும் உலோகம் பிரேக்கிலிருந்து வந்தது என்று ஓரளவு துணிந்து சொல்லலாம். பிரேக் தேய்மானத்தில் இரும்பு, தாமிரம், ஆண்டிமனி வரும். டயர் தேய்வதில் துத்தநாகம் வரும். பெட்ரோலில் காரீயம் கலப்பது நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. பழைய ஆய்வுகளைப் படித்துவிட்டுச் சாலையோரம் என்றாலே காரீயம் என்று எதிர்பார்ப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

இவை தவிர, ஏற்காட்டு மலைமேல் நாகலூர் பக்கம் சாலையிலிருந்து விலகிய காபித் தோட்டத்துக்குள் ஒரு தொகுதி. அடிவாரத்தில் செட்டிச்சாவடிப் பக்கம், மாக்னசைட் என்னும் வெள்ளைக்கல் கிடைக்கும் பூமியை ஒட்டி ஒரு தொகுதி. சேலம் நகருக்குள் அஸ்தம்பட்டியில் ஒரு வீட்டு மாடியில் ஒரு தொகுதி.

காபித் தோட்டத்துப் பைக்கு ஒரு சிக்கல் உண்டு. காபி இலைத்துரு நோய்க்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிக்கிறார்கள். மயில்துத்தம் என்பது தாமிர சல்பேட். பருவமழைக்கு முன்பு தெளிப்பு நடக்கும் சமயத்தில் அங்கே பை தொங்கினால், தாமிரம் எகிறி நிற்கும். அதைப் பார்த்து மலைக்காற்றே கெட்டுவிட்டது என்று எழுதினால் பொய்யாகிவிடும். தோட்டத்து மேஸ்திரியிடம் தெளிப்பு நாட்களைக் கேட்டு எழுதிக்கொண்டோம். முதல் சுற்றைத் தெளிப்பு இல்லாத, மழையும் இல்லாத ஜனவரிக்குப் பிந்தைய வாரங்களில் வைத்தோம். இரண்டாம் சுற்றைத் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலத்தில். மழையில் பாசி ஈரமாக இருப்பதால் அதிகம் பிடிக்கும். அதே மழை சிலவற்றைக் கழுவியும் விடும். ஆகவே இரண்டு சுற்றின் எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிடவில்லை. ஒரு சுற்றுக்குள் இடத்துக்கு இடம் மட்டும் ஒப்பிட்டோம்.

அமிலத்துக்கு முன் ஒரு பூதக்கண்ணாடி

பைகள் வந்தவுடன் அமிலத்தில் போடுவதுதான் வழக்கம். நாங்கள் ஒவ்வொரு இடத்திலிருந்தும் ஒரு சிட்டிகையை ஒதுக்கி, நீரில் அலசி, அடியில் தங்கிய பொடியை நுண்ணோக்கியில் பார்த்தோம். பள்ளி நுண்ணோக்கியே போதும். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். மாணவர்கள் தங்கள் கண்ணால் காற்றைப் பார்த்தார்கள்.

பொடியின் மேல் பிளாஸ்டிக் உறையிட்ட காந்தத்தை நகர்த்தினால் இரும்புள்ள துகள்கள் எழுந்து வரும். அவற்றின் வடிவம் பேசும். மண்ணிலிருந்து வந்த மேக்னடைட் கோணல்மாணலாக, உடைந்த முகத்தோடு இருக்கும். கஞ்சமலை இரும்புத்தாது ஊரில் இதற்குப் பஞ்சமில்லை. அதிக வெப்பத்தில் உருகி ஆறியது உருண்டையாக, பளபளவென்று இருக்கும். நிலக்கரிச் சாம்பலிலும் வெல்டிங் பட்டறைத் தூசியிலும் இந்த உருண்டைகள் வரும். பிரேக்கில் தேய்ந்தது தகடுபோல, கிழிந்த விளிம்போடு இருக்கும். அஸ்தம்பட்டி மாடிப் பையில் உருண்டைகள் எளிதாகக் கிடைத்தன. வளைவுகளில் கருந்தகடுகள். நாகலூரில் இரண்டும் அரிதாகவே கிடைத்தன.

செட்டிச்சாவடிப் பை வெள்ளையாகவே வந்தது. பார்த்தவர்கள் சுண்ணாம்பு என்றார்கள். சுண்ணாம்புக் கல்லானால் ஒரு சொட்டு நீர்த்த அமிலம் விட்டதும் குளிர்ந்த நிலையிலேயே நுரைக்கும். இது அசையவில்லை. ஆய்வகத்தில் கண்ணாடி அணிந்து, புகைபோக்கி அடுப்பில் வைத்து அமிலத்தைச் சூடாக்கியதும் நுரைத்தது. மாக்னசைட், அதாவது மக்னீசியம் கார்பனேட், அப்படித்தான் நடந்துகொள்ளும். செலவில்லாத சோதனை, ஆனால் சூடான அமிலம் விளையாட்டுப் பொருளல்ல, பிள்ளைகள் கையில் கொடுக்கக் கூடாது.

அளவுக்கு வருகிறேன். பாசியை 40 டிகிரியில் காய வைத்து, அகேட் உரலில் பொடித்து, அரை கிராம் எடுத்து, நைட்ரிக் அமிலத்தில் மூடிய குப்பியில் செரிக்கவைத்து, 25 மில்லிலிட்டராக்கினோம். இதில் ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு கிலோ பாசியில் 5 மில்லிகிராம் காரீயம் இருந்தால், இந்தக் கரைசலில் அது லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். கல்லூரியில் இருந்த சுடர் வகை அணு உறிஞ்சல் கருவி தாமிரம், துத்தநாகம், இரும்பு, நிக்கல், மக்னீசியம் ஆகியவற்றை நன்றாகப் படிக்கும். காரீயம் இந்த அளவில் தடுமாறும், காட்மியம் இன்னும் சிரமம். அலுமினியத்துக்கும் டைட்டானியத்துக்கும் சாதாரணக் காற்று-அசிட்டிலின் சுடரின் சூடு போதாது. ஆகவே இவற்றுக்கும் ஆண்டிமனிக்கும் தேர்ந்தெடுத்த மாதிரிகளை மட்டும் கட்டண ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பினோம். இந்த வேலைக்கென்றே பின்லாந்துப் பாசியில் தயாரித்த, உலோக அளவு முன்பே தெரிந்த எம்2, எம்3 என்ற ஒப்பீட்டு மாதிரிகள் உலகெங்கும் பயன்படுகின்றன. அனுப்பும் ஆய்வகம் அப்படி ஏதாவது ஒரு தாவர ஒப்பீட்டு மாதிரியைக் கூடவே அளந்து தருமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது. தராத ஆய்வகத்துக்குப் பணம் கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

நிக்கலும் குரோமியமும்

எண்கள் வந்தன. நிக்கலும் குரோமியமும் செட்டிச்சாவடியில்தான் உச்சம். சேலத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆலை இருப்பது ஊரறிந்தது. நிக்கலும் குரோமியமும் அந்த எஃகின் உயிர்நாடி. பத்திரிகையில் தலைப்புப் போட இவ்வளவு போதும். என் மாணவர்கள் சிலரும் அன்றே முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

நான் அவர்களை அழைத்துப்போய் வெள்ளைக்கல் பூமியின் கல்லைக் கையில் கொடுத்தேன். சேலத்து மாக்னசைட் தனியாகப் பிறந்ததல்ல. டியூனைட் என்னும், பூமியின் ஆழத்திலிருந்து வந்த கரும்பச்சைப் பாறை சிதைந்து, அதன் வெடிப்புகளில் வெள்ளை நரம்பாகப் படிந்தது. புவி மேலோட்டின் சராசரிப் பாறையில் நிக்கல் கிலோவுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டாது. டியூனைட் வகைப் பாறையில் அது 2,000 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். குரோமியமும் அப்படியே, குரோமைட் தாதுவே அந்தப் பூமியில் உண்டு. அங்கே ஒரு லாரி மண் சாலையில் போனாலே பாசியில் நிக்கல் ஏறும். எந்த ஆலையும் புகைபோக்கியும் தேவையில்லை.

இதைப் பிரித்தறிய ஒரு கணக்கு இருக்கிறது. பாசியில் உள்ள உலோகத்தை, மண்ணில் மட்டும் இருந்து வரக்கூடிய ஒரு தனிமத்தால் வகுக்க வேண்டும். அதே வகுத்தலை அந்த இடத்து மண்ணுக்கும் செய்து, இரண்டையும் ஒப்பிட வேண்டும். விகிதம் ஒன்றை ஒட்டி இருந்தால் மண். பத்துக்கு மேல் போனால் வேறிடத்துச் சரக்கு என்று கொள்வது பொதுவான வழக்கம். மண்ணின் அடையாளமாக உலகெங்கும் அலுமினியத்தை வைக்கிறார்கள், மண்ணுக்குப் பதில் உலகச் சராசரி மேலோட்டு எண்களையும் போட்டுவிடுகிறார்கள்.

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலையில் இந்த இரண்டு பழக்கமும் ஏமாற்றும். மலை பெரும்பாலும் சார்னோகைட் பாறை. உச்சிப் பரப்பில் அது மக்கி, மற்றதெல்லாம் கழுவிப்போய், அலுமினியம் திரண்டு பாக்சைட் என்னும் அலுமினியத் தாதுவாக நிற்கிறது. கீழே டியூனைட்டிலோ அலுமினியம் மிகக் குறைவு. ஆக, ஒரே மலைப்பாதையின் அடியில் அலுமினியம் குறைந்த மண், முடியில் அலுமினியம் மிகுந்த மண். உலகச் சராசரியால் வகுத்தால் செட்டிச்சாவடியில் நிக்கல் பிரமாண்டமான மாசாகத் தெரியும். உச்சியிலோ உண்மையான மாசுகூட மண்ணுக்குள் ஒளிந்துகொள்ளும். ஆகவே ஒவ்வொரு பைக்கும் கீழே, பக்கத்துச் சரிவில், மேல்மண்ணை எடுத்து நுண்சல்லடையில் சலித்து, அந்த மண்ணையே அதன் அளவுகோலாக்கினோம். அலுமினியத்தோடு டைட்டானியத்தையும் மக்னீசியத்தையும் பார்த்தோம்.

அப்படிப் பார்த்தபோது செட்டிச்சாவடி நிக்கல் மண்ணின் விகிதத்துக்கே வந்து நின்றது. அது அங்கத்துப் புழுதி. புழுதி என்பதால் அது சுவாசிப்பவருக்கு நல்லது என்று ஆகிவிடாது. வெட்டுவதாலும் லாரி ஓட்டுவதாலும் எழும் புழுதிக்கும் பொறுப்பு உண்டு, தண்ணீர் தெளிக்கலாம், லாரிக்குத் தார்ப்பாய் போடலாம். ஆனால் மருந்து வேறு. புகைபோக்கியைத் தேடிப் போனால் புழுதி அப்படியே இருக்கும். இந்த ஒன்றுக்காகத்தான் இந்தப் பதிவை எழுத உட்கார்ந்தேன்: வேறு ஊர் ஆய்வுக் கட்டுரையின் அளவுகோலை எடுத்துவந்து சேலத்தில் வைக்காதீர்கள். மண்ணை அளக்காத பாசி ஆய்வை நம்பாதீர்கள்.

குரோமியத்தைப் பற்றி இன்னொன்று. குரோமைட் நைட்ரிக் அமிலத்தில் எளிதில் கரையாது. வெறும் நைட்ரிக்கில் செரித்த கரைசல் காட்டும் குரோமியம், பையில் உண்மையில் இருப்பதில் ஒரு பங்குதான். இடத்துக்கு இடம் ஒப்பிட அது உதவும். மொத்த அளவு இவ்வளவு என்று சொல்ல உதவாது. டைட்டானியத்துக்கும் இதே எச்சரிக்கை.

வளைவுகளில் நடந்தது வேறு. தாமிரமும் ஆண்டிமனியும் நேர்பாதையைவிட வளைவில் தெளிவாகக் கூடுதல், மண் விகிதத்தைவிட வெகு தூரம் மேலே. இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்கின. மயில்துத்தத்தில் ஆண்டிமனி கிடையாது என்பதால் தோட்டத் தெளிப்பின் மீது பழி போட முடியாது. துத்தநாகம் வளைவிலும் நேரிலும் பரவலாகக் கூடியிருந்தது. டயரும் இரும்புத் தடுப்பும் சேர்ந்த வேலை என்றுதான் நினைக்கிறேன், இரண்டையும் பிரிக்க இந்த அமைப்பு போதாது. எங்களை வியக்கவைத்தது கீழ்வளைவுகள். மேல்வளைவுகளைவிட அடிவாரத்தை ஒட்டிய வளைவுகளில் பிரேக் உலோகம் அதிகம். இந்தப் பாதையில் நெடுங்காலம் பஸ் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். "டீச்சர், நாங்கள் கியரில் பிடித்து இறங்குகிறோம். புதிதாக வருபவர்கள் மேலேயிருந்தே பிரேக்கில் கால் வைத்தால் எடுப்பதில்லை. பாதி மலை இறங்குவதற்குள் பிரேக் சூடேறிவிடும், கீழே வரும்போது கருகிய வாடையே அடிக்கும்" என்றார். சூடான பிரேக் கூடுதலாகத் தேய்ந்து, மேலும் நுண்ணிய துகளாகப் பறக்கும். அவர் சொன்னது எங்கள் எண்களோடு பொருந்துகிறது. மலை இறங்கும் இடத்தில் "குறைந்த கியரில் இறங்கவும்" என்ற பலகை உயிருக்காக வைத்தது. காற்றுக்கும் அதுவே மருந்து.

ஏற்காட்டு உயரத்துப் பைகளில் காரீயம் குறைவுதான், ஆனால் மண் விகிதத்துக்கு மேலே நின்றது, அதுவும் சாலையிலிருந்து விலகிய நாகலூரிலும். பெட்ரோல் காரீயம் போன பிறகும் நிலக்கரி, உலோக உருக்கு, குப்பை எரிப்பு இவற்றிலிருந்து காரீயம் நுண்துகளாக வெகுதொலைவு வரும். ஆல்ப்ஸில் கண்டதன் சிறிய வடிவம் இங்கேயும் இருக்கலாம். உறுதியாகச் சொல்ல உயரத்துக்கு உயரம் இன்னும் அடர்த்தியாகப் பை வைக்க வேண்டும்; ஏற்காட்டுக்கு ஏறும் மற்றொரு பாதையான குப்பனூர் வழியில் போக்குவரத்து வேறு மாதிரி என்பதால் அங்கே வைத்தால் சாலையையும் உயரத்தையும் பிரித்துப் பார்க்க வசதி.

அதற்கு முன்பு நகரத்துக்குள் ஒரு வேலை இருக்கிறது. அமெரிக்காவின் போர்ட்லாண்டில் மரப்பாசியின் 346 மாதிரிகளை அளந்தபோது, யாரும் சந்தேகிக்காத வண்ணக் கண்ணாடிப் பட்டறைகளைச் சுற்றிக் காட்மியம் குவிந்திருந்தது. 2016இல் அது வெளியே வந்ததும் அந்தப் பட்டறைகள் காட்மியத்தை உலையில் போடுவதை நிறுத்த நேர்ந்தது. சேலத்தில் கொலுசுப் பட்டறைகள் வீட்டோடு வீடாக, சிறு திண்ணைகளில் இயங்குகின்றன. நகைத்தொழிலில் பற்றவைப்புக்குக் காட்மியம் சேர்க்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. அதன் புகையை முதலில் சுவாசிப்பவர் ஊதுகுழாயை வாயில் வைத்திருக்கும் தொழிலாளிதான், அடுத்து அவர் குழந்தைகள். அங்கே காட்மியம் இருக்கிறதா என்று பை வைக்காமல் சொல்ல முடியாது. சேலத்து மண் நிக்கலையும் குரோமியத்தையும் மக்னீசியத்தையும் அள்ளித் தருகிறது, காட்மியத்தை அப்படித் தருவதில்லை. ஆகவே அந்தத் தெருக்களில் வைக்கும் பை காட்மியத்தைக் காட்டினால் மண்ணைக் காரணம் சொல்ல இடமிருக்காது. பட்டறைக்காரர்கள் இருவர் தங்கள் மாடியில் தொங்கவிடச் சம்மதித்திருக்கிறார்கள். காட்மியத்துக்கு மிகச் சிறிய அளவையும் படிக்கும் கிராஃபைட் உலைக் கருவி வேண்டும், அதற்கான கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். தொங்கவிடாமல் மூடி வைக்கும் கட்டுப்பாட்டுப் பைகள் தைத்தாகிவிட்டது.